துருவைப் பிரித்தவள்

தோக்கே ரம்லி எங்கள் தைலப் புட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "மர்ஸுகி, இது நிலாம் தைலமா, இல்ல லாரி இன்ஜின்ல இருந்து இறக்கினதா?" என்று கேட்டார். கிடங்கிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மொத்த வியாபாரியின் கிடங்கில் நின்றுகொண்டு அவருடைய கேலிக்குச் சிரிக்காமலிருக்கத் துணிச்சல் வேண்டும். அது என்னிடம் எப்போதும் இருந்ததில்லை.

என் மனைவி ஹஸ்னிதார் சிரிக்கவில்லை.

"ஏன் தோக்கே கறுப்பா இருக்கு?"

"துரும்மா. உன் புருஷன் இலையக் காய்ச்சுற டிரம் இரும்பு. ஆவியோட துருவும் சேர்ந்து வருது. இதுல இரும்பு அதிகம்னு சொல்லி மேடான் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்புறான். நான் என்ன பண்ணட்டும், பாதி விலைதான் தரமுடியும்."

"கறுப்புக்குக் காரணம் துரு மட்டும்தானா? வேற எதுவும் இல்லையே?"

"வேற ஒண்ணுமில்ல. வாசனையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"துரு மட்டும்தான்னா எடுத்துடலாம்."

இந்த முறை சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. "எடுப்ப, எடுப்ப. டீயில கரைஞ்ச சர்க்கரையக்கூட எடுப்ப போல," என்றார் தோக்கே.

"அதையும் எடுக்கலாம் தோக்கே. டீ வீணாப்போகும், அவ்வளவுதான்," என்றாள் ஹஸ்னி. அவள் கேலியாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது நான் அவளைத் திட்டினேன். கடற்கரைச் சாலை முழுக்கத் திட்டினேன். ஆச்சே ஜாயா மலையடிவாரத்தில் எங்கள் தைலத்தை வாங்க அந்த ஒரு மனிதர்தான் இருக்கிறார், அவரிடம் போய் வாயாடினால் அடுத்த அறுவடையை யார் வாங்குவார்கள் என்றேன். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

நிலாம் என்று நாங்கள் சொல்லும் செடியை உங்கள் ஊர் அத்தர் கடைக்காரர்கள் பச்சோலி என்பார்கள். இலையை வெயிலில் உலர்த்தி, டிரம்மில் அடைத்து, அடியில் தீ மூட்டினால் ஆவி குழாய் வழியே போய்க் குளிர்ந்து தைலமாகச் சொட்டும். எங்கள் கிராமத்தில் எட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரே டிரம்மில் காய்ச்சுகிறோம். அது ஒரு காலத்தில் சாலை போடும் தார் வந்த டிரம். துருப்பிடிக்காத எஃகில் செய்த கலன்களும் உண்டுதான். எட்டுக் குடும்பமும் வீட்டை விற்றால் ஒன்று வாங்கலாம்.

ஹஸ்னி வட்டத் தலைநகரின் மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. பதினான்கு வருஷமாக அதுதான் தொழில். பிள்ளைகள் மேசையில் எதையெதையோ கலந்து, நிறம் மாறுவதைப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் கலந்துவிட்டுப் போனதைக் குடுவையிலிருந்து பிரித்தெடுப்பது இவள் பாடு. எண்ணெய்ப் பிசுக்கு எதற்கு இளகும், எது தண்ணீரோடு போகும், எது போகாமல் அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவள் விரல்களுக்குத் தெரியும். இரும்புக் கறை படிந்த குடுவைக்கு அமிலம் தீர்ந்துபோன வாரத்தில் வீட்டிலிருந்து பிலிம்பிக்காயைக் கொண்டுபோய்த் தேய்த்தாளாம். கறை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதாம். மீன் குழம்புக்குப் போடும் புளிப்புக் காய்தான். எங்கள் கொல்லையில் அந்த மரம் அடியிலிருந்து நுனிவரை காய்த்துத் தொங்கும்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, ஒரு கூடை பிலிம்பிக்காயை இடித்துத் துணியில் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்ன சமையல்?"

"தைலத்துக்கு."

"தைலத்துல ஏற்கெனவே துரு. இப்போ புளியும் விடப் போறியா?"

"அபாங், துருவுக்குப் புளின்னா ரொம்பப் பிரியம். தைலத்துக்குப் புளியையும் பிடிக்காது, தண்ணியையும் பிடிக்காது. மூணையும் ஒண்ணா விட்டாத் துரு புளியோட தண்ணிப் பக்கம் போயிடும். தைலம் தனியா மேல மிதக்கும். மிதக்கறத எடுத்துக்கவேண்டியதுதான்."

புருஷனாகிய என்னை அபாங் என்று கூப்பிட்டு அவள் சொன்ன விளக்கம் கேட்க நன்றாக இருந்தது. அவள் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் தைலத்தையும் சாற்றையும் ஊற்றி மூடி, கை வலிக்கும்வரை குலுக்கினாள். என்னிடம் கொடுத்தாள், நானும் குலுக்கினேன். ஜாடியை இறக்கி வைத்துப் பார்த்தால் உள்ளே தேங்காய்ப்பால் மாதிரி ஏதோ இருந்தது. தைலமுமில்லை, தண்ணீருமில்லை. ஒரு மணி நேரத்தில் பிரியும் என்றாள். மறுநாளும் பிரியவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே இருந்தது. ஒரு முழு மூட்டை இலையின் தைலம் அதில் இருந்தது.

"குழம்பு வச்சிடலாமா?" என்று கேட்டேன். அன்று என் குரலில் இருந்த குத்தல் எனக்கே இப்போது கேட்கிறது.

அவள் ஜாடியின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு கைப்பிடி உப்பைக் கொண்டுவந்து போட்டு, மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றி, ஜாடியை வெயிலில் வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தப் பால் உடைந்தது. உடைந்தது என்றுதான் அவள் சொன்னாள். அடியில் பழுப்புத் தண்ணீர், மேலே தைலம். அந்தத் தைலம் கறுப்பாக இல்லை. தேன் நிறத்தில் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து எங்கள் ஊர்த் தைலத்தை அந்த நிறத்தில் பார்த்ததில்லை.

நான் துள்ளினேன். அவள் விரலில் ஒரு சொட்டுத் தொட்டு முகர்ந்து முகம் சுளித்தாள்.

"புளிக்காய் வாசனை ஏறிடுச்சு. இது ஆகாது."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"உங்களுக்குப் புகை வாசனைதான் தெரியும். கம்பெனிக்காரங்க மூக்க வச்சுச் சம்பாதிக்கறவங்க."

மறுவாரம் கேக் செய்யும் சாமான் விற்கும் கடையிலிருந்து சிட்ரிக் அமிலப் பொட்டலம் வாங்கி வந்தாள். வெள்ளைப் பொடி. சர்பத்துக்குப் போடுவார்கள். காயில் இருக்கும் புளிப்பு இதிலும் இருக்கிறது, காயின் வாசனைதான் கிடையாது. எவ்வளவு பொடி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு தடவையும் மாற்றிச் செய்து, பள்ளியில் தூக்கிப்போட்ட பழைய விடைத்தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்தாள். குலுக்கக் கூடாது என்று கண்டுபிடித்தாள். ஜாடியைப் பாயில் படுக்கவைத்துப் பாதத்தால் உருட்டிக்கொண்டே கீரை ஆய்ந்தாள், வெங்காயம் நறுக்கினாள். ஒரு மணி நேரம் அப்படி உருண்டால் துரு வந்துவிடும், பாலும் ஆகாது. அடித் தண்ணீரை வடிக்கக் குடிதண்ணீர்க் கேனின் மூடியில் ஒரு குழாயைப் பொருத்திக் கேனைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். தண்ணீர் முழுக்க இறங்கி, தைலத்தின் முதல் சொட்டு வரும்போது குழாயை மூட வேண்டும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தை அவள் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. தைலத்தில் தங்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் உறிஞ்ச ஓர் உப்பு இருக்கிறது. ஆய்வகத்துக்காக வாங்கியதில் மிச்சமிருந்த அரைப் பொட்டலத்தை வேதியியல் ஆசிரியை யுஸ்லினார் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "வந்து பாருங்க டீச்சர்" என்றாளாம். அவர் வரவில்லை. வேலை இருந்திருக்கும்.

பதினேழாவது தடவை அவளே முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

எட்டுக் குடும்பத்தின் தைலத்தையும் வாங்கி அப்படிச் சுத்தம் செய்தாள். கொடுக்க எல்லோருக்கும் மனம் வந்துவிடவில்லை. பக்கத்து வீட்டுச் சலாமியா மட்டும், "கறுப்பாவே கொடுத்தா பாதி விலை. ஹஸ்னி கெடுத்தாலும் அதுக்கு மேல என்ன நஷ்டம்?" என்று முதலில் தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

தோக்கேயின் கிடங்குக்கு நாங்களும் சலாமியாவும் போன அன்று மேடான் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் தியுர்மா. பாத்தாக் இனத்துப் பெண், முப்பது வயதிருக்கும். சோதனை மருந்துகள் அடங்கிய ஒரு பெட்டியோடு வந்திருந்தாள். இந்தக் கடற்கரைப் பக்கத்துத் தைலம் ஏன் தொடர்ந்து கெட்டுவருகிறது என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். எங்களைப் போலவே வேறு கிராமங்களிலிருந்தும் புட்டிகளோடு பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

ஹஸ்னி புட்டியை மேசையில் வைத்தாள். தோக்கே அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு தியுர்மாவைப் பார்த்தார்.

"நீங்களே பாருங்க. இவங்க காய்ச்சறது தார் டிரம்ல. அதுல இந்த நிறம் வருமா? எதையோ கலந்து வெளுக்க வச்சிருக்காங்க. இப்படிப்பட்டவங்களாலதான் எங்க பேரே கெடுது."

கலப்படம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது. என் காது சூடானது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் மனைவி ஒன்றரை மாதம் பாதத்தால் ஜாடி உருட்டியதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஹஸ்னி தியுர்மாவிடம் திரும்பினாள். "கலந்திருந்தா பிரிச்சுக் காட்ட முடியும்ல? காட்டுங்க."

தியுர்மா ஒரு சின்னக் குழாயில் எங்கள் தைலத்தைச் சில சொட்டு விட்டு, அதன்மேல் ஆல்கஹாலை ஊற்றினாள். "சுத்தமான நிலாம்னா இதுல முழுசாக் கரைஞ்சு கண்ணாடி மாதிரி நிக்கும் அக்கா. வேற எண்ணெய் இருந்தா கலங்கும்." குழாயை உயர்த்திப் பிடித்தாள். அதன் பின்னாலிருந்த தோக்கேயின் நாள்காட்டி எழுத்துகளை நான் வாசிக்க முடிந்தது. அவ்வளவு தெளிவாக இருந்தது.

அடுத்து இரும்புக்கான சோதனை. இரும்பு இருந்தால் இரத்தச் சிவப்பு வரும் என்றாள். எங்களுடையதில் வந்தது வெளிறிய ரோஜா நிறம், அதுவும் உற்றுப் பார்த்தால்தான்.

"பிரமாதம்," என்றாள் தியுர்மா.

"அப்படின்னா எஃகுக் கலன் வச்சிருக்கவங்ககிட்ட வாங்கிட்டு வந்திருப்பாங்க," என்றார் தோக்கே. "இவ பள்ளிக்கூடத்துல புட்டி கழுவறவ. இவளுக்கு என்ன தெரியும்?"

ஹஸ்னி கைப்பையைத் திறந்தாள். சிட்ரிக் அமிலப் பொட்டலம், உப்பு, துணி, ஜாடி, குழாய் பொருத்திய மூடி என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். இத்தனையையும் அவள் கொண்டுவந்திருப்பது எனக்கே தெரியாது.

"கழுவறவதான் தோக்கே. உங்க கிடங்குலயே ரொம்பக் கறுப்பா இருக்கறதக் குடுங்க, கழுவிக் காட்டறேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. பின்னாலிருந்த பெரிய டிரம்மிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துவரச் சொன்னார். மை மாதிரி இருந்தது. ஹஸ்னி ஒரு கிண்ணத்தில் பொடியைக் கரைத்தாள், இரண்டையும் ஜாடியில் ஊற்றினாள், கிடங்கின் சிமெண்டுத் தரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பாதத்தால் உருட்ட ஆரம்பித்தாள்.

ஒரு மணி நேரம். யாரும் கிளம்பவில்லை. யாரோ எல்லோருக்கும் காப்பி வாங்கி வந்தார்கள். தியுர்மா நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு பொடி, ஏன் குலுக்குவதில்லை என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். "கோவமாக் குலுக்கினா ரெண்டும் பிரிய மாட்டேன்னு கட்டிப் பிடிச்சுக்கும். நானும் இவரும் அப்படித்தான் ஒரு ஜாடி வீணாக்கப் பாத்தோம்," என்று என்னைக் காட்டினாள் ஹஸ்னி. அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஜாடியை நிமிர்த்தி வைத்தாள். கால் மணியில் கோடு விழுந்தது. அடியில் அடர்ந்த பழுப்பு, மேலே மெல்ல வெளுத்துவரும் பொன். மூடியைக் கழற்றிக் குழாய் மூடியைப் பொருத்திக் கவிழ்த்து, துருத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை இறக்கி, டக்கென்று மூடினாள். ஈரத்தை உறிஞ்சும் உப்பைப் போட்டுத் துணியில் வடிகட்டி ஒரு தம்ளரில் பிடித்துத் தோக்கே முன்னால் வைத்தாள். மை இருந்த இடத்தில் இப்போது தேன் இருந்தது. பின்வரிசையில் ஒரு பெரியவர், "யா அல்லாஹ்," என்றார் மெல்ல.

தியுர்மா அதிலும் சில சொட்டு எடுத்து ஆல்கஹால் ஊற்றினாள். குழாய் கலங்கியது. அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்து, கொஞ்ச நேரத்தில் அடியில் எண்ணெய் துளித்துளியாகத் தேங்கியது.

அவள் முகர்ந்தாள். "தேங்காயெண்ணெய். இதுக்குத்தான் நான் மூணு மாசமா அலையறேன்."

தோக்கே ஹஸ்னியைப் பார்த்தார். "நீ என்னமோ போட்டுட்ட."

"நான் துருவத்தான் எடுக்கறேன்னு சொன்னேன் தோக்கே. எடுத்துட்டேன். மிச்சம் இருக்கறது நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. சந்தேகம்னா டிரம்ல இருந்து நேரா எடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

தியுர்மா நேராக எடுத்துப் பார்த்தாள். கலங்கியது.

"விவசாயிங்க ஏமாத்தறாங்க. அவங்க கொண்டுவர்றதுல இருந்திருக்கும்," என்றார் தோக்கே. குரல் இறங்கியிருந்தது.

அப்போது சலாமியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன் புட்டியை மேசையில் வைத்தாள். "என்னோடதப் பாரும்மா." தெளிவாக இருந்தது. பின்வரிசைப் பெரியவர் தன் புட்டியை வைத்தார். அது கழுவாத கறுப்புத் தைலம். நிறம்தான் கறுப்பு, ஆல்கஹாலில் துளிக் கலக்கமில்லாமல் கரைந்தது. அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவர் வைத்தார். ஏழு வருஷமாகப் பாதி விலைக்கு விற்றுத் தலைகுனிந்து நின்றவர்கள் வரிசையாக வந்து புட்டியை வைத்து, தங்கள் குழாய் தெளிவாக நிற்பதைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நகரும்போது ஒவ்வொருவர் நடையும் மாறியிருந்தது. பதினோரு புட்டி. பதினொன்றும் தெளிவு.

தோக்கே தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து போனார். உண்மையில் இன்னும் நேரமிருந்தது. அதை யாரும் சொல்லிக் காட்டவில்லை. தோற்றவரைத் துரத்த அன்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நான் ஒண்ணும் பேசாம நின்னுட்டேன்," என்றேன்.

"பாத்தேன்."

"கோவமா?"

"நீங்க பேசியிருந்தா சண்டை வந்திருக்கும். சண்டையில ஜாடி உடைஞ்சிருக்கும்." கொஞ்ச தூரம் போனபின், "ஆனா அடுத்த தடவை பேசுங்க," என்றாள். அடுத்த தடவையிலிருந்து பேசுகிறேன்.

கம்பெனி எங்களோடு நேராக ஒப்பந்தம் போட்டது. கழுவும் முறையைப் பிறருக்குச் சொல்லித்தராமல் இருந்தால் நாம் மட்டும் நல்ல விலைக்கு விற்கலாம் என்று எங்கள் எட்டுக் குடும்பத்திலேயே இரண்டு பேர் சொன்னார்கள். ஹஸ்னி கேட்கவில்லை. அன்று கிடங்கில் புட்டி வைத்த பதினோரு பேர் வீட்டுக்கும் போய்ச் செய்து காட்டினாள். இப்போது அந்த மலையடிவாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் ஜாடி உருள்கிறது. யுஸ்லினார் டீச்சர் ஒருநாள் பன்னிரண்டாம் வகுப்பைப் பேருந்தில் ஏற்றி எங்கள் முற்றத்துக்கே கூட்டிவந்தார். பாடம் முடிந்ததும் அவர் பிள்ளைகள் முன்னாலேயே, "நான் பன்னிரண்டு வருஷம் இதைக் கரும்பலகையில எழுதினேன். இவங்க செஞ்சாங்க," என்றார். ஹஸ்னி முகம் சிவந்து, எல்லோருக்கும் வாழைக்காய் வறுவல் கொண்டுவரப் போகிறேன் என்று உள்ளே ஓடிவிட்டாள்.

தோக்கே ரம்லி அந்தத் தொழிலை விட்டுவிடவில்லை. ஐந்தாறு மாதம் கழித்து ஒரு காலையில் தானே ஒரு கேன் தைலத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹஸ்னி ஸலாம் சொல்லி உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். பிறகு ஒரு சின்னக் குழாயை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே முதலில் ஆல்கஹால் ஊற்றிப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. அதன்பிறகுதான் ஜாடியைக் கழுவி எடுத்தாள். அவரும் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் முதல் பெரிய டிரம் மேடானுக்குக் கிளம்பிய அன்று, அனுப்புபவர் பெயரை டிரம்மின் மேல் எழுத வேண்டியிருந்தது. யார் பெயரை எழுதுவது என்று பெண்களுக்குள் பெரிய விவாதம். கிராமத்தின் பெயர் போதும் என்று ஹஸ்னி முடித்துவைத்தாள். பெயிண்டும் தூரிகையும் என் கையில் இருந்தன. கிராமத்தின் பெயரைப் பெரிதாக எழுதினேன். லாரிக்காரன் கயிறு கட்டும் சந்தடியில் அதன் கீழே அவள் பெயரையும் எழுதிவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள். இடுப்பில் கைவைத்து நின்று வாசித்தாள்.

"எழுத்து கோணலா இருக்கு," என்றாள்.

"அழிக்கட்டுமா?"

"விடுங்க. காய்ஞ்சுடுச்சு."

பெயிண்ட் காயவே இல்லை. லாரி திருப்பம் தாண்டும்வரை அவள் வாசலிலேயே நின்றாள், நான் அவள் பக்கத்தில் நின்றேன்.